ஆசிட் தொட்டிக்காரர்களின் முன்பற்கள்

டாக்டர் ராமசுப்பு ஆறு வருஷம் மாதத்துக்கு ஒரு வியாழக்கிழமை தவறாமல் எங்கள் கம்பெனி டிஸ்பென்சரிக்கு வந்தார். அந்த ஆறு வருஷத்தில் அவர் ஒரு பல்லையாவது காப்பாற்றி நான் பார்த்ததில்லை. பிடுங்குவார். பதினொரு மணிக்குக் கார் வரும், பன்னிரண்டரைக்குக் கிளம்பிவிடும். அதற்குள் மூன்று பேர், சில நாள் நாலு பேர், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போயிருப்பார்கள். யானைக்கவுனியில் அவருக்குச் சொந்தமாகப் பல் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சேட்டுகளுக்கு ஓட்டையை வெள்ளியால் அடைப்பதாகவும் தங்கத்தில் உறை போடுவதாகவும் அவரே சொல்லிக்கொள்வார். எங்களிடம் வரும்போது மட்டும் தோல்பையில் இரண்டு குறடும் ஓர் ஊசிக்குழலும்தான் இருக்கும்.

நான் அந்த டிஸ்பென்சரியில் அட்டெண்டர். பெயர் ஞானம். ஒன்பதாவது வரை கான்வென்டில் படித்தவள். ரிஜிஸ்டர் எழுதுவேன், குறடைக் கொதிக்கவைப்பேன், பிடுங்கும்போது ஆளின் தலையைப் பின்னாலிருந்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த டாக்டர் என்னை "ஆயா" என்றுதான் கூப்பிடுவார்.

தொழிற்சாலை திருவொற்றியூரில், கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருந்தது. தடித்த இரும்புக் கம்பியை இழுத்து மெல்லிசாக்கிச் சுருள் சுருளாக அனுப்புவார்கள். நானூறு பேருக்கு மேல் வேலை. பல் விஷயத்தில் அங்கே ஓர் ஏற்பாடு இருந்தது. எங்கும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். ஆபீசர் என்றால் சீட்டு எழுதி மவுண்ட் ரோட்டில் இருந்த பெரிய டென்டிஸ்டிடம் அனுப்புவோம். கம்பெனிக் காரே கொண்டுபோய்விட்டுக் கூட்டிவரும். தொழிலாளி என்றால் வியாழக்கிழமை, ராமசுப்பு, குறடு. ஒரு தடவை பர்ச்சேஸ் மேனேஜருக்குப் பல்லில் கடுகளவு ஓட்டை. அல்வா சாப்பிட்டால் கூசுகிறதாம். மூன்று நாள் லீவு, நாலு தடவை கார். நான் சீட்டு எழுதும்போது அந்த மனுஷருக்குக் கண் கலங்கியிருந்தது. அதே நேரம் வெளியே பெஞ்சில், முகம் வீங்கி ஒரு கண் மூடிப்போன ஆள் உட்கார்ந்திருந்தான். அவன் அழவில்லை. வியாழக்கிழமைக்கு அவனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

சவரிநாதன் முதன்முதலில் வந்தது அறுபத்தொன்பதாம் வருஷம், பொங்கல் கழிந்த வாரம். ராயபுரத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன். முப்பத்திரண்டு வயது. ஆசிட் தொட்டியில் வேலை. வெளியிலிருந்து வரும் கம்பிச் சுருளில் துரு இருக்கும். அதைப் பெரிய சிமென்ட் தொட்டியில் ஆசிட்டில் முக்கி எடுத்தால் துரு போய்விடும். தொட்டிக்கு மூடி கிடையாது. புகை மேலே எழும்பிக்கொண்டே இருக்கும். அதற்கு நடுவே நின்று கம்பியை இறக்கி ஏற்றுவதுதான் அவர்கள் வேலை. மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து இருபத்துநாலு பேர்.

நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறந்தான். மேல் முன்பற்கள் இரண்டும் பாதிக்குமேல் கரைந்து, கண்ணாடிச் சில்லு மாதிரி மெலிந்திருந்தன.

"காத்து பட்டாலே உயிர் போவுது சார். தண்ணி குடிக்க முடியல" என்றான்.

"வெத்தலை போடுவியா?" என்றார் டாக்டர்.

"கிடியாது சார்."

"பீடி?"

"அதுவும் கிடியாது."

"அப்ப கரி, செங்கல் தூள்னு எதையாவது வெச்சுத் தேய்க்கிறே. உங்க ஆளுங்களுக்குப் பல்லுன்னா என்னன்னே தெரியாது."

"பவுடர்தான் சார் வாங்கறோம்" என்றான் அவன். பிறகு தயங்கிக்கொண்டே, "இத்தப் புடுங்காம மேல உறை மாதிரி போடலாம்னு சொல்றாங்களே சார்" என்று கேட்டான்.

டாக்டருக்கு உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்து, "கேட்டியா ஆயா?" என்றார். அவனிடம், "நீ என்ன சினிமாவுல நடிக்கப் போறியா? திற, திற" என்றார்.

பாதி மருந்துதான் ஏற்றினார். அவரிடம் எப்போதும் பாதிதான். மரத்துப்போகும்வரை காத்திருந்தால் பன்னிரண்டரைக்குக் கிளம்ப முடியாதே. நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். சவரிநாதன் கத்தவில்லை. நாற்காலியின் கைப்பிடியை மட்டும் கழற்றிவிடுகிற மாதிரி முறுக்கினான். இரண்டு பல்லும் மூன்று துண்டாக வந்தன. பதினொரு மாதத்தில் பக்கத்துப் பற்கள் இரண்டும் அதே மாதிரிப் போயின. கீழ்வரிசையில் ஒன்றும் போயிற்று.

அந்த ஐந்தாவது பல்லைப் பிடுங்கிய அன்று டாக்டர் போன பிறகும் அவன் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். வாயில் பஞ்சு. பல் இல்லாததால் பேச்சு காற்றோடு கலந்து வந்தது.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காத. எங்க தொட்டி ஆளுங்க எத்தினி பேர் இங்க வந்து புடுங்கிக்கினாங்க?"

"நிறையப் பேர்."

"நெறயன்னா?"

எனக்குத் தெரியவில்லை. ஆறு வருஷமாக என் கையால் எழுதிய ரிஜிஸ்டர். தேதி, பெயர், பிரிவு, எந்தப் பல் என்று முத்துமுத்தாக எழுதியிருக்கிறேன். ஒரு நாளாவது திருப்பிப் படித்ததில்லை. அன்று சாயங்காலம் உட்கார்ந்து எண்ணினேன். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பற்கள். அதில் நூற்று நாற்பத்தொன்று ஆசிட் தொட்டிக்காரர்களுடையவை. நானூறு பேர் தொழிற்சாலையில் இருபத்துநாலு பேருடைய வாயிலிருந்து ஏறக்குறைய பாதி. மற்ற பிரிவுகளில் போனதெல்லாம் கடைவாய்ப் பல். இவர்களுக்குப் போனது முன்பல். புகை முதலில் படுகிற இடம்.

டாக்டர் ராமசுப்புவை நான் அதற்கு முன்னாலும் மதித்ததில்லை. ஆனால் அன்று என்னையே எனக்குப் பிடிக்கவில்லை. அந்த நூற்று நாற்பத்தொரு பல்லுக்கும் தலையைப் பிடித்தவள் நான்தான்.

கணக்கை ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்தேன். இருபத்துநாலு பேரில் பல் போனவர்கள் பத்தொன்பது பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை வருஷ வேலை, எத்தனை பல். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

முதலில் யூனியனுக்குப் போனான். செயலாளர் ஜெயவேலுக்கு மேல்வரிசையில் ஒரு தங்கப்பல் உண்டு. பேசும்போது அது வெளியே தெரிகிற மாதிரி வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்வான். தாளை வாங்கிப் பார்த்துவிட்டு அவன் சொன்னதை சவரிநாதன் என்னிடம் அப்படியே சொன்னான்.

"இன்னா மாமு, பல்லுக்கெல்லாமா ஸ்ட்ரைக் பண்ணுவாங்க? வெளில சொன்னா சிரிப்பாங்க. போனஸ் பேசறப்ப பார்த்துக்கலாம், போ."

போனஸ் பேசினார்கள். பல்லைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஜெயவேல் மட்டும் ஒரு புது சைக்கிள் வாங்கினான்.

அதற்குப் பிறகு சவரிநாதன், அதே தொட்டியில் வேலை செய்த கஸ்பாரையும் கூட்டிக்கொண்டு லேபர் ஆபீசர் கோதண்டத்திடம் மனு கொடுத்தான். கஸ்பாருக்கு ஐம்பது வயது. தொட்டியில் எல்லாரையும்விட மூத்தவன். மேலே நாலு, கீழே ஆறு போய்விட்டது. பேசுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டிருந்தான். மனுவில் இரண்டே விஷயம். தொட்டிக்கு மேலே புகையை இழுக்கிற ஃபேன் வேண்டும். பல் போனவர்களுக்குப் பல்செட் வேண்டும்.

அரை மணி கழித்துக் கோதண்டம் எனக்கு ஆள் அனுப்பினார். நான் உள்ளே போனபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். சவரிநாதன் ஏதோ சொன்னான். கோதண்டம் என் பக்கம் திரும்பி, "என்னம்மா சொல்றான் இவன்? வாயில கொழுக்கட்டையா?" என்றார். புரியாமல் இல்லை. அந்த அறையில் எல்லாருக்கும் புரிந்தது. சவரிநாதன் மறுபடியும் சொன்னான். கோதண்டம் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "ஆங்?" என்றார். மூன்றாம் தடவை அவன் வாயே திறக்கவில்லை. காது வரை சிவந்துபோய் நின்றான்.

"பல்லு அவனவன் சொந்த விஷயம்" என்றார் கோதண்டம். "நாளைக்குத் தலைமுடி கொட்டுதுன்னு வருவீங்க. ஏம்மா, ரிஜிஸ்டரை இவங்களுக்குக் காட்டினது யாரு?"

"எண்ணிக் கொடுத்தது நான்தான் சார்."

"உன் வேலை எழுதறது. எண்ணறது இல்ல" என்றார்.

இரண்டு மாதம் கழித்து மனுவுக்குப் பதில் வந்தது. என்ன பதில் தெரியுமா? பல் துலக்கும் பிரஷ். 'பல் சுகாதார தினம்' என்று கொட்டகை போட்டு, பேனர் கட்டி, தொழிலாளிக்கு ஆளுக்கொரு பிரஷும் ஒரு டப்பாப் பவுடரும் கொடுத்தார்கள். டாக்டர் ராமசுப்பு மேடையில் ஒரு பெரிய மரப் பல்வரிசையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் தேய்த்துக் காட்டினார். கம்பெனி மலருக்காக போட்டோக்காரரை வரவழைத்திருந்தார்கள். முன்வரிசையில் பல் உள்ளவர்கள். பல் இல்லாதவர்கள் பின்னால் நிற்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு புன்னகைக்க வேண்டும் என்று கோதண்டம் இங்கும் அங்கும் ஓடிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரஷ் கையில் வந்ததும் சவரிநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு டாக்டரிடமே போய், "இத்த வெச்சிகினு எத்த வெளக்கறது சார்?" என்றான். வாயைத் திறந்தும் காட்டினான். கிண்டல் இல்லை. கேட்கிற கேள்வியாகத்தான் கேட்டான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். அதே நேரம் போட்டோக்காரர் கேமராவை அமுக்கிவிட்டார். அந்தப் படம் மலரில் வரவில்லை. பல் உள்ள எட்டு கிளார்க்குகளை மறுநாள் நிற்கவைத்து வேறு படம் எடுத்தார்கள். அவர்கள் கையிலும் அதே பிரஷ்.

சவரிநாதனுக்கு ஒழுங்கீனம் என்று மெமோ வந்தது. என்னை டிஸ்பென்சரியிலிருந்து மாற்றி கேன்டீனில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். டாக்டருக்கு வேறு ஓர் ஆயா கிடைத்தாள். அவளுக்கு எழுதத் தெரியாது. அதுதான் வேண்டியிருந்தது போல.

எழுபத்தொன்றாம் வருஷம் வெளிநாட்டிலிருந்து ஒரு புது மெஷின் வந்தது. ஒரே நேரத்தில் எட்டுக் கம்பி இழுக்குமாம். அதை இறக்கிவைக்கும்போது பூசணிக்காய் உடைத்தார்கள், மாலை போட்டார்கள், மேனேஜிங் டைரக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைக்க இடம் வேறு இல்லாததால் ஆசிட் தொட்டிக்குப் பக்கத்துக் கூடத்திலேயே வைத்தார்கள். நடுவில் ஆள் உயரச் சுவர்தான்.

நாலாவது மாதம் மெஷின் தகராறு செய்தது. உள்ளே பல்சக்கரங்களின் பற்களெல்லாம் துருவேறி, ஓரம் அரித்துப்போயிருந்ததாம். வெளிநாட்டிலிருந்து ஓர் என்ஜினியர் வந்தார். மூன்று நாள் ஒவ்வொரு சக்கரத்தையும் கழற்றி, பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு பல்லாகப் பார்த்தார். கேன்டீனிலிருந்து நான்தான் அவருக்கு டீ கொண்டுபோனேன். பக்கத்திலேயே கோதண்டமும் ப்ரொடக்‌ஷன் மேனேஜரும் துக்க வீட்டில் நிற்பது போலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். என்ஜினியர் சுவருக்கு மேலே வருகிற புகையைக் காட்டி இரண்டு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் பம்பாயிலிருந்து லாரியில் ஃபேன் வந்து இறங்கியது. யானைத் துதிக்கை மாதிரி தகரக் குழாய்கள். தொட்டிக்கு மேலே கூடாரம் போட்டுப் புகையைக் கடல்பக்கம் தள்ளிவிட்டார்கள். சுவரையும் கூரை வரை உயர்த்தினார்கள்.

சவரிநாதன் கேன்டீனுக்கு வந்து அலுமினியத் தட்டை நீட்டிக்கொண்டே, "அக்கா, மெஷினுக்குப் பல்லு கூசிச்சாம்" என்றான். சிரிக்கவில்லை.

ஃபேன் வந்துவிட்டது, அதை விழாவாக்காமல் விடுவார்களா? தொழிற்சாலைகளை மேற்பார்க்கிற அரசாங்க இன்ஸ்பெக்டரைச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். 'தொழிலாளர் நலன் காக்கும் காற்றோட்டத் திட்டம்' என்று நோட்டீஸ் அடித்தார்கள். அதோடு கோதண்டத்துக்கு ஒரு யோசனை வந்தது. தொட்டிக்காரன் ஒருத்தனுக்குக் கம்பெனி செலவில் பல்செட் கட்டிவிட்டால், அவன் மேடையேறி நன்றி சொல்வான். படம் நன்றாக இருக்கும். யாருக்கு? தொந்தரவு கொடுக்கிறவனுக்கே கொடுத்தால் அவன் வாய் அடைந்துவிடும். சவரிநாதனைக் கூப்பிட்டுச் சொன்னார். அவன், "சரி சார்" என்றான்.

அதைக் கேட்டபோது எனக்கு, சீ, இவனும் இவ்வளவுதானா என்றிருந்தது. மாலையில் அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவி ஆலிஸ் அடுப்படியில் கஞ்சிக்குப் பருப்பைக் குழையக் குழைய மசித்துக்கொண்டிருந்தாள்.

"உன் வூட்டுக்காரன் கூட்டாளிங்களையெல்லாம் வுட்டுட்டு அவனுக்கு மட்டும் பல்லு வாங்கறானாமே" என்றேன்.

ஆலிஸ் மத்தை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வாங்கட்டுமே ஞானக்கா. மூணு வருசமா நான் இத்தக் கொழைச்சிகினு கீறேன். வறுத்த மீன அது மோந்து மோந்து பாக்கறது எனக்குல்ல தெரியும். உன் ரோசம் வந்து எங்களுக்கு மென்னு தருமா?"

சவரிநாதன் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மவுண்ட் ரோடு டென்டிஸ்டிடம் நாலு தடவை போய்வந்தான். கார் இல்லை, பஸ்தான். முதல் நாள் அவன் உட்காருவதற்கு முன்னால் அங்கிருந்த நர்ஸ் நாற்காலி மேல் பழைய செய்தித்தாளை விரித்தாளாம். நாலு நாளும் விரித்தாளாம். ஆனால் பல் நன்றாக அமைந்தது. அதை மாட்டிக்கொண்டு அவன் பேசியபோது எனக்கே திடுக்கென்றிருந்தது. மூன்று வருஷமாகக் காற்றாக வந்துகொண்டிருந்த குரல் சுத்தமாக, ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக வந்தது.

விழா அன்று கேன்டீன்காரர்களுக்குக் காபி கொடுக்கும் வேலை. நான் தட்டோடு மேடைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முன்வரிசையில் ஆபீசர்கள், டாக்டர் ராமசுப்பு, இன்ஸ்பெக்டர். இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனுஷர். கொட்டாவியை அடக்கிக்கொண்டிருந்தார். கோதண்டம் தொழிலாளர் நலம் பற்றி இருபது நிமிஷம் பேசினார். மெஷின் என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. பிறகு சவரிநாதனைக் கூப்பிட்டு மைக் முன்னால் நிறுத்தி, தன் கையால் எழுதிய நாலு வரியைக் கொடுத்தார்.

சவரிநாதன் அந்த நாலு வரியையும் படித்தான். "எனக்கு இந்தப் பற்களை அளித்த நிர்வாகத்துக்கு என் மனமார்ந்த நன்றி" என்று முடிந்தது. கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அவன் இறங்கவில்லை. சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். என் கையெழுத்து.

"இன்னும் பதினெட்டு பேரு கீறாங்க. அவங்க பேசினா உங்களுக்குப் புரியாது. அதான் நான் படிக்கறேன்" என்றான். "கஸ்பார். தொட்டியில பதினோரு வருசம். மேல நாலு, கீழ ஆறு. அலி அக்பர். ஏழு வருசம். மேல ஆறு. லூர்து. அஞ்சு வருசம். மேல நாலு, கீழ ஒண்ணு..."

அஞ்சாவது பெயரில் கோதண்டம் மைக் ஒயரைப் பிடுங்க எழுந்தார். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "இருங்க, படிக்கட்டும்" என்றார். அவருக்குத் தூக்கம் போயிருந்தது. பதினெட்டுப் பெயரும் முடிந்ததும், "இதுக்கு ஆதாரம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

"அப்படி ரெக்கார்டு எதுவும் கிடையாது சார்" என்றார் கோதண்டம். "இவனா எழுதிக்கிட்டது." டாக்டர் ராமசுப்புவும் தலையை ஆட்டினார். "பீடி, வெத்தலை சார். வேற ஒண்ணுமில்ல."

காபித் தட்டை மேடை ஓரத்தில் வைத்தேன். இதைச் சொன்னால் கேன்டீனும் போய்விடும் என்று தெரியும். சொன்னேன்.

"டிஸ்பென்சரி பீரோவுல கீழ்த்தட்டுல இருக்கு சார். பச்சை அட்டை, மூணு புஸ்தகம். தேதி, பேரு, பிரிவு, பல்லு, எல்லாம் எழுதியிருக்கேன். ஒவ்வொரு வியாழக்கிழமைக்கும் கீழ டாக்டர் கையெழுத்து இருக்கு."

இன்ஸ்பெக்டர் அப்போதே எழுந்து போய் மூன்று புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார். ராமசுப்பு என்னைப் பார்த்த பார்வை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பயந்தவன் பார்வை. குறடில்லாமல் அந்த மனுஷரிடம் வேறு ஒன்றும் இல்லை என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளே சவரிநாதனை சஸ்பெண்ட் செய்தார்கள். எனக்கு அரைச் சம்பளத்தில் கட்டாய விடுமுறை. தொட்டிக்காரர்கள் இருபத்துமூன்று பேரும் அன்று கம்பியை முக்கவில்லை. யாரும் ஸ்ட்ரைக் என்று சொல்லவில்லை. தொட்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான். துரு போகாத கம்பி மெஷினுக்குப் போக முடியாது. எட்டுக் கம்பி இழுக்கும் மெஷின் சும்மா நின்றது. ஆறாம் நாள் எங்கள் இருவரையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஏழாம் நாள் ஜெயவேல் 'பல் போராட்டத்தில் யூனியனின் மகத்தான வெற்றி' என்று சுவரில் போஸ்டர் ஒட்டினான். அந்த ஆறு நாளும் அவன் உடம்பு சரியில்லை என்று புளியந்தோப்பில் மாமியார் வீட்டில் இருந்தான்.

இன்ஸ்பெக்டரின் அறிக்கை மேலே போயிற்று. அதன் பேரில் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் வருமோ என்று நிர்வாகம் பயந்தது. அந்தப் பயத்தில் ஒரு சுற்றறிக்கை போட்டார்கள். எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், முழுக்க நல்லெண்ண அடிப்படையில், மீதிப் பதினெட்டு பேருக்கும் பல்செட் வழங்கப்படும். செய்து தரும் வேலை யாருக்குப் போனது? யானைக்கவுனி டாக்டர் ராமசுப்புவுக்கு. பிடுங்கினதற்கும் வாங்கினார், கட்டினதற்கும் வாங்கினார். இந்த மாதிரி ஆட்களுக்கு எது நடந்தாலும் லாபம்தான்.

அளவெடுத்துச் செட் தயாரானதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு பேரும் யானைக்கவுனிக்குப் போனார்கள். ஏமாற்றிவிடுவார் என்று சவரிநாதனும் நானும் கூடப் போனோம். உள்ளே வெல்வெட் நாற்காலி, மீன்தொட்டி, ஊதுபத்தி. சேட்டுகள் வராத நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருந்தார். முதலில் கஸ்பார் உட்கார்ந்தான். டாக்டர் கீழ்செட்டையும் மேல்செட்டையும் மாட்டிவிட்டு, பொருந்துகிறதா என்று பார்க்க விரலை உள்ளே விட்டு, "கடி" என்றார்.

கஸ்பார் கடித்தான்.

டாக்டர் போட்ட சத்தத்தில் மீன்கள்கூடச் சிதறி ஓடின. கையை உதறிக்கொண்டே, "என்னய்யா, மிருகமா நீ?" என்று கத்தினார். ஆட்காட்டி விரலில் இரண்டு வரிசையும் அச்சாகப் பதிந்து ரத்தம் வந்தது.

கஸ்பார் நாலைந்து வருஷத்துக்குப் பிறகு தெளிவாகப் பேசினான். "கடின்னு சொன்னீங்களே சார். பாதி மருந்து போட்டுக்கினா வலிக்காது" என்றான்.

டாக்டர் விரலைச் சுற்ற ஏதாவது கிடைக்குமா என்று மேசையில் துழாவினார். பஞ்சு எடுத்துக் கொடுக்க நான் எழுந்திருக்கவில்லை. அதன் பிறகு யார் வாயிலும் அவர் விரல் வைக்கவில்லை. மேசையில் வரிசையாகப் பெட்டிகளை வைத்துவிட்டு, "நீங்களே மாட்டிப் பாருங்க" என்று ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். சவரிநாதன் சுவரிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தான். ஒவ்வொருவராக வந்து மாட்டிப் பார்த்தார்கள். அலி அக்பருக்குப் பெரிசாக இருந்தது, லூர்துக்கு ஈறில் இடித்தது. சவரிநாதன் அதையெல்லாம் ஜன்னலைப் பார்த்து உரக்கச் சொன்னான். டாக்டர் வந்து, அரம் எடுத்து, குனிந்து உட்கார்ந்து ராவிக் கொடுத்தார். எல்லாம் முடிய மூன்று மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டரை எப்போதோ தாண்டிப்போயிருந்தது.